பதினேழாவது கிணறும் ஒரு கிழிந்த டிக்கெட்டும்

படங்களைப் பற்றி அலசிப் பேச எனக்கு வராது. தீர்ப்புச் சொல்லத்தான் வரும். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் நூறு படங்கள், ஒன்றிலிருந்து நூறு வரை இடம் போட்டு. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். முப்பத்துநான்கு வருஷமாக இதுதான் சட்டம். இந்தக் காலத்தில் என் வாழ்க்கைக்குள் இரண்டு கணவர்கள் வந்தார்கள், இரண்டு பேரும் போனார்கள். நோட்டில் முதலிடம் மட்டும் ஒரு நாளும் அசையவில்லை.

விதிகள் கடுமையானவை. கதையில் நாய் செத்தால் பத்து இடம் கீழே. கதாநாயகன் திடுக்கிட்டு எழுந்து ‘எல்லாம் கனவு’ என்றால் இருபது. நான் பல் செட் செய்கிறவள். போலந்தில், ராதோம் ரயில் நிலையத்துக்கு எதிரே என் வேலைக்கூடம். அதனால் பாலைவனத்தில் மாதக்கணக்கில் திரிகிற கொள்ளைக்காரன் வாயைத் திறந்ததும் முப்பத்திரண்டு வெள்ளைப் பல் பளிச்சிட்டால், அந்தப் படம் என் நோட்டின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது.

முதலிடம், ‘பதினேழாவது கிணறு’. இத்தாலிக்காரர்கள் எடுத்த குதிரைப் படம். கிணறு வெட்டுகிற ஒருவன், தண்ணீர் இல்லாத ஊருக்கு வருகிறான், ஒரு விதவையின் நிலத்தில் வெட்டுகிறான், ஊரே எதிர்க்கிறது. அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை. அதற்காகவே அவன் காலில் விழலாம். இரண்டாமிடம் ‘நீதிபதிக்குக் கால் சுளுக்கு’. சிரித்துச் சிரித்து விலா நோகும். நான்காவது ‘ஈரக் கம்பளம்’. பேய்ப் படம், அதைப் பார்த்த பிறகு ஒரு வருஷம் வீட்டில் கம்பளமே விரிக்கவில்லை. ஏழாவது ‘மாலுமியின் மூன்றாவது மனைவி’. கைக்குட்டை இரண்டு வேண்டும். அடுத்தடுத்து இப்படிப் பேயும் சிரிப்பும் அழுகையும் இருந்தால் இதில் ஒரு ஒழுங்கே இல்லையே என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்தது என்பதுதான் ஒழுங்கு என்பேன்.

நூறாவது இடத்தில் இருப்பது ‘சாம்பல் கதவு’. ஒரு மனிதன் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வயலைக் கடக்கிறான். மூன்று மணி நேரம். அதை என்றோ நோட்டிலிருந்து தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் எங்கள் திரைப்படக் கழகத் தலைவர் ஜெனோனுக்கு உலகத்திலேயே பிடித்த படம் அது. வெளியே போட்டால் மறந்துவிடுவார். கடைசி இடத்தில் வைத்திருந்தால் வருஷா வருஷம் அவருக்கு வலிக்கும்.

எல்லோரும் மரியாதையாக பான் ஜெனோன் என்று கூப்பிடும் (பெண் என்பதால் நான் பானி போக்னா) இந்த மனிதர் பூகோள வாத்தியாராக இருந்தவர். நடுவில் மூன்று வருஷம் இத்தாலிக்குப் போய்க் குளியலறைக்கு ஓடு பதித்துவிட்டு வந்தார். போனது ஓடு பதிக்க, வந்தது கலை மேதையாக. எனக்கும் அவருக்கும் சண்டை எப்போதும் ஒரே விஷயத்தில்தான். எங்கள் நாட்டில் வெளிநாட்டுப் படம் தொலைக்காட்சியில் வந்தால், நடிகர்களின் சத்தத்தைத் தணித்துவிட்டு, அதற்கு மேல் ஒரே ஒரு ஆள் எல்லோருடைய வசனத்தையும் போலிஷில் வாசிப்பார். ஏற்ற இறக்கம் இருக்காது. காதலிக்கும் அவர்தான், கொலைகாரனுக்கும் அவர்தான், கைக்குழந்தைக்கும் அவர்தான். படம் முடிந்ததும் தன் பெயரைச் சொல்லி, ‘வாசித்தவர் இன்னார்’ என்று முடிப்பார். நாங்கள் இதைக் கேட்டே வளர்ந்தவர்கள். ஜெனோனுக்கு மட்டும் இது காட்டுமிராண்டித்தனம்.

“பானி போக்னா, கொலை பண்றவனுக்கும் சாகறவளுக்கும் ஒரே ஆளு பேசறான். எப்படித்தான் சகிச்சுக்கறீங்களோ!”

“அவர் எங்க பேசறாரு பான் ஜெனோன்? வாசிக்கிறாரு. பேசறது அவங்க.”

“கீழ எழுத்துப் போட்டா படிச்சுக்க முடியாதா உங்களால?”

“நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டே படம் பாக்கறவ. எழுத்தையும் படிச்சா விரலைத்தான் நறுக்கணும்.”

இந்தச் சண்டை காரணமாகவே பதினோரு வருஷம் என் படத்தைக் கழகத்தில் திரையிட விடவில்லை. இந்த வருஷம் கழகத்துக்கு நாற்பது வயது. விழாப் படத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம் என்று பெருந்தன்மையாக அறிவித்தார். குலுக்கியதில் என் பெயர் வந்தது. அவர் முகம் போன போக்கைப் படம் பிடித்திருந்தால் என் நோட்டில் பத்து இடத்துக்குள் வந்திருக்கும்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்து வெளியே போகும்போது, பிடித்திருந்தால் டிக்கெட்டை முழுசாகப் பெட்டியில் போட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட வேண்டும். பாதிக்கு மேல் கிழிந்திருந்தால் படத்தைக் கொண்டுவந்தவர் ஐந்து வருஷம் வாயைத் திறக்கக் கூடாது. அதைவிட மோசம், படத்துக்கு முன்னால் மேடையேறி, இது ஏன் தனக்கு முதலிடம் என்று சொல்லவும் வேண்டும். முப்பத்துநான்கு வருஷம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட படம். அது கிழிபட்டால் நான் இத்தனை நாள் சொன்ன தீர்ப்பெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்றாகிவிடும்.

படம் இத்தாலியிலிருந்து வந்தது. ‘முழுமையாக மீட்டெடுத்த பிரதி’ என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். கீறல் எல்லாம் போக்கிவிட்டார்கள் போல என்று சந்தோஷப்பட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம், படம் ஓட்டும் லித்காவோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். போலிஷ் எழுத்து இன்னும் வந்து சேரவில்லை. அதனால் என்ன, வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம்.

கிணறு வெட்டுகிறவன் குதிரையிலிருந்து இறங்கினான். வாயைத் திறந்தான்.

ஆடு கத்தியது.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது அந்த ஆளின் குரல். கீச்சென்று, மூக்கால். பேசிக்கொண்டே இருந்தான். விதவை அதற்கு மேல். தொலைக்காட்சியிலிருந்து நான் பதிந்து வைத்திருந்த காசெட்டில் இந்தச் சத்தமெல்லாம் கம்பளிக்கு அடியில் போட்ட மாதிரி அடங்கி, மேலே ஒரு கனத்த நிதானமான குரல் மட்டுமே கேட்கும். இங்கே கம்பளியை உருவிவிட்டார்கள். இருபதே நிமிஷம். “நிறுத்துடி லித்கா” என்றேன்.

“என்னடி, உடம்பு சரியில்லையா?”

“படம் சரியில்ல.”

“இதத்தானடி முப்பது வருஷமா உலகத்துலேயே நல்ல படம்ன?”

வீட்டுக்குப் போய் என் காசெட்டுகளையும் குறுந்தட்டுகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கடைசிக்கு ஓட்டினேன். பேய்ப் படம்: ‘வாசித்தவர் தித்துஸ் வோலாக்.’ நீதிபதி: ‘வாசித்தவர் தித்துஸ் வோலாக்.’ மாலுமியின் மனைவி: அதே வோலாக். முதல் பன்னிரண்டில் பதினொன்று அவர். மீதி ஒன்று போலிஷ் படம், அதற்கு வாசிக்க ஆளே தேவையில்லை.

என் நோட்டில் படத்தின் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, பார்த்த வருஷத்துக்கு உண்டு, பல்லுக்குக்கூட உண்டு. வாசித்தவருக்கு இல்லை. முப்பத்துநான்கு வருஷம் ஒரு ஆளின் குரலுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, படத்துக்குப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. ஜெனோனுக்குத் தெரிந்தால் மூக்கை அறுத்துக் கையில் கொடுப்பாரே என்று அதைவிட ஆத்திரமாக இருந்தது.

ஆத்திரம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். வோலாக் உயிரோடு இருந்தால் எண்பது தாண்டியிருக்கும். எண்பது தாண்டிய ஆணுக்குப் பல் செட் இல்லாமல் இருக்காது. தொலைக்காட்சி நிலையம் இருக்கிற வார்சாவில் பல் செட் செய்கிற ஆட்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். மூன்றாவது போனிலேயே ஆள் கிடைத்தார்.

“தித்துஸ் வோலாக் பேசறேன்.”

பேய், நீதிபதி, மாலுமி எல்லோரும் ஒரே நேரத்தில் என் சமையலறைக்குள் வந்து நின்றார்கள். ஆனால் ஒன்று இடித்தது. ‘தித்துஸ்’ என்கிற இடத்தில் விசில் அடித்தது.

“சனிக்கிழமை எங்க கழகத்துல ஒரு படத்துக்கு நேர்ல வாசிக்கணும், பான் தித்துஸ். அந்தக் காலத்துல கழகங்கள்ல அப்படித்தானே வாசிப்பீங்க.”

“நான் வாசிக்கறத விட்டு ஆறு வருஷமாச்சும்மா. புது செட்டு. சகரம் வந்தா போலீஸ்காரன் மாதிரி விசில் அடிக்கறேன். நம்ம மொழில சகரம் இல்லாம ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்க.”

“மேல்வரிசையில முன்பக்கம் கனமா விட்டுட்டாங்க. இங்க வாங்க, ஒரு மணி நேரத்துல சரி பண்ணித் தர்றேன்.”

“எத்தனை மணிக்கு ரயிலு?” என்றார்.

மூன்று மாலை காசெட்டை நிறுத்தி நிறுத்தி, அவர் அன்று வாசித்த வசனம் முழுவதையும் தாளில் எழுதினேன். போலிஷ் எழுத்து வேண்டாம், வாசிப்பாளர் வருகிறார் என்று ஜெனோனிடம் சொன்னபோது, “விழாவுக்குக் கரடி வித்தைக்காரனையும் கூப்பிடலாமே” என்றார். கூப்பிட்டிருக்கிறேன், நீங்கள்தான் வருகிறீர்களே என்றேன்.

சனிக்கிழமை காலை வோலாக் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், பெரிய மேல்கோட்டு. கூடத்தில் உட்கார வைத்து, செட்டைக் கழற்றி வாங்கி, தேய்த்து, மாட்டிவிட்டு, மறுபடி தேய்த்தேன். நாலாவது தடவை விசில் போயிற்று. முட்டை மஞ்சள் கருவில் சர்க்கரை போட்டு அடித்துக் கொடுத்தேன், தொண்டைக்கு. குடித்துக்கொண்டிருந்தவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“‘ஈரக் கம்பளம்’ உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்லீங்க.”

“‘நீதிபதிக்குக் கால் சுளுக்கு’?”

“பானி போக்னா, நான் ஒன்பதாயிரம் படம் வாசிச்சிருக்கேன். ஒண்ணு கூடப் பார்த்ததில்ல.”

“அதெப்படி?”

“கண்ணு தாள்ல இருக்கும், காது அவங்க பேச்சுல இருக்கும். நிமிர்ந்து பார்த்தா வரி தப்பிடும். வீட்டுக்குப் போனா பொண்டாட்டி டிவி போடுவா, நான் தோட்டத்துக்குப் போயிடுவேன்.”

என் முதல் பன்னிரண்டில் பதினொரு இடங்களைப் பிடித்து வைத்திருந்த மனிதர் படமே பார்க்காதவர். இதை யாரிடம் சொல்லி அழ?

நாலு மணிக்குப் பண்பாட்டு இல்லத்தில் எண்பத்தைந்து பேர். நான் மேடையேறினேன். பத்து நிமிஷம் பேச எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் போட்டேன். “இந்தப் படத்தோட கதாநாயகன் ஆடு மாதிரி கத்துவான்” என்றேன். “எனக்கே செவ்வாக்கெழமதான் தெரியும். இத்தனை வருஷமா எனக்குப் பிடிச்சது, அதோ, ஓரத்துல மேசை விளக்கு போட்டு உட்கார்ந்திருக்காரே, அவரோட குரல். அந்தக் குரலோட சேர்த்துக் கேளுங்க. அப்புறம் கிழிக்கறதா இருந்தா கிழிங்க.” முன்வரிசையில் ஜெனோன் தன் வெள்ளைக் கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டு புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் மறக்க மாட்டேன்.

லித்கா ஆட்டின் குரலைத் தணித்தாள். வோலாக் வாசிக்க ஆரம்பித்தார். ஒரு விசில் இல்லை. முதல் வரியிலேயே அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது, ஐந்தாவது நிமிஷம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. கிணறு ஆழமாகிக்கொண்டே போயிற்று. என் பக்கத்திலிருந்த தபால்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் விடைபெறுகிற காட்சி வந்தது. என்னைக் கேட்டால் உலகத்திலேயே சிறந்த விடைபெறுதல் அதுதான். தண்ணீர் வந்துவிட்டது, அவன் கிளம்புகிறான், அவள் கிணற்றடியில் நிற்கிறாள். அவன் ‘போறேன்’ என்பான். அவள் ‘போ’ என்பாள். குதிரை போய்விடும். அவ்வளவுதான் காசெட்டில். என் இரண்டு கணவர்களும் போகும்போது எவ்வளவோ பேசினார்கள், ஒரு வார்த்தை நினைவில்லை. இந்த இரண்டு வார்த்தை முப்பத்துநான்கு வருஷமாக நெஞ்சில் நிற்கிறது.

“போறேன்” என்று வாசித்தார் வோலாக். “போ” என்று வாசித்தார்.

குதிரை போகவில்லை. திரையில் அவன் பேசிக்கொண்டே இருந்தான். மண்டியிட்டான். அவள் அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழுமையான பிரதி என்றால் கீறலைப் போக்கியது அல்ல. வெட்டினதை எல்லாம் திரும்ப ஒட்டியது. இருபது நிமிஷத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போனவள் நான். முழுசாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வோலாக் தாளைப் புரட்டினார். திருப்பிப் புரட்டினார். மெல்லத் தலையை நிமிர்த்தி, திரையைப் பார்த்தார். அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒலிபெருக்கியில் சொன்னார்:

“இந்தப் பக்கம் என்கிட்ட இல்ல.”

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஜெனோன் எழுந்தார். போச்சு, விளக்கைப் போடச் சொல்லப் போகிறார், பதினோரு வருஷச் சண்டைக்கும் இன்றைக்குத் தீர்ப்பு என்று நினைத்தேன். அவர் நேராக மேடைக்குப் போய், ஒரு நாற்காலியை இழுத்து வோலாக் பக்கத்தில் போட்டு, அவர் காதில் குனிந்தார். இத்தாலிய மொழி அந்த அரங்கில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

திரையில் அவன் ஒரு நிமிஷம் உருகினான். ஜெனோன் ஒரு நிமிஷம் கிசுகிசுத்தார், கையை ஆட்டிக்கொண்டு. வோலாக் முழுதும் கேட்டுவிட்டு மைக்கிடம் குனிந்தார்.

“போகணும்.”

அவள் அவன் மார்பில் குத்தினாள், வானத்தைக் காட்டினாள், தரையைக் காட்டினாள். ஜெனோன் காதுக்குள் கொட்டினார்.

“தெரியும்” என்றார் வோலாக்.

“அவ கடலைப் பத்திச் சொல்றா! அவ அம்மா கல்லறையைப் பத்தி!” ஜெனோன் தவித்தது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. “எப்படி உருகறா, நீங்க என்னடான்னா…”

“பான் ஜெனோன், உருகறது அவங்க வேலை. அதை அவங்க பார்த்துக்கறாங்க. நம்ம வேலை தகவல் மட்டும்.”

திரையில் அவன் கடைசியாக நீளமாக ஏதோ புலம்பினான். “கிணத்தப் பார்த்துக்க.” அவள் தேம்பித் தேம்பி ஒரு நிமிஷம் பேசினாள். “சரி.” குதிரை போயிற்று. சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தியது என்று தெரியவில்லை. தபால்காரி மூக்கைச் சிந்தினாள். நானும்தான். நாலைந்து நிமிஷப் புலம்பலை அந்த மனிதர் நாலு வரியில் அடக்கி, என் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் வழக்கம்போல முடித்தார். “வாசித்தவர் தித்துஸ் வோலாக்.” சற்று நிறுத்தி, பக்கத்தில் பார்த்து, “காதில் சொன்னவர்…” என்றார். “ஜெனோன் பிஹ்” என்று ஜெனோன் மைக்கைப் பிடித்துத் தானே சொன்னார். குரல் உடைந்திருந்தது. அவருக்குக் கிடைத்த கைதட்டல் நாற்பது வருஷத்தில் கழகத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை.

பெட்டியைத் திறந்தோம். எண்பத்தைந்தில் எண்பத்துநாலு முழு டிக்கெட்டு. ஒன்று மட்டும் ஒழுங்காக, நேர் பாதியாகக் கிழிந்திருந்தது. எல்லோரும் ஜெனோனைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பாக்கறீங்க? நான் முழுசாத்தான் போட்டேன். அதுல நானே இருக்கேனே!”

வோலாக்கை ரயிலேற்ற நிலையத்துக்குப் போனேன். கசகசா ரொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். புதுச் செட்டால் கவனமாகக் கடித்து, விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“அந்தக் கிழிஞ்ச டிக்கெட்டு என்னுது. டிக்கெட்டு இல்லாம உள்ள விடமாட்டோம்னு லித்கா ஒண்ணு குடுத்தாங்க.”

“நீங்களா? ஏன்?”

“சுமாரான படங்க. ரொம்பப் பேசறாங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப உங்க பட்டியல்ல முதலிடம் எந்தப் படத்துக்கு?” என்றேன்.

யோசித்தார். ரயில் வந்து நின்றது. படியில் ஏறித் திரும்பி, அந்தக் குரலிலேயே சொன்னார்.

“ஒன்பதாயிரத்துல நான் நிமிர்ந்து பார்த்தது இது ஒண்ணுதான். அதனால எனக்கும் முதலிடம் இதுக்குத்தான். கடைசி இடமும் இதுக்குத்தான்.”

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். முதலிடத்தை அழிக்கவில்லை. ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, வாசித்தவர் தித்துஸ் வோலாக், காதில் சொன்னவர் ஜெனோன் பிஹ் என்று எழுதினேன். அப்படியே கடைசிப் பக்கத்துக்குப் போய், ‘சாம்பல் கதவு’ படத்தைத் தொண்ணூற்றொன்பதாவது இடத்துக்கு ஏற்றினேன். அதற்கு மேல் ஜெனோனே என் காலில் விழுந்தாலும் முடியாது.